பெட்டியின் கனம்

பயணத்திற்குப் பெட்டி அடுக்கும்போதுதான் மனிதன் தன் அச்சங்களை எண்ணிப் பார்க்கிறான். மழை பெய்தால் என் செய்வது, உடை அழுக்கானால் என் செய்வது என்று ஒவ்வோர் ஐயத்திற்கும் ஒரு துணியை மடித்து வைக்கிறான். நான்கு நாள் பயணத்திற்குப் பத்து நாளைய உடைகள் சேர்ந்துவிடுகின்றன.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து பினாங்கு, பூக்கெட் சென்று மீளும் உல்லாசக் கப்பலொன்றில் ஒரு மூதாட்டியும் அவருடைய பேத்தியும் பயணம் செய்தனர். பேத்தியிடம் இரண்டு பெரிய பெட்டிகள் இருந்தன. ஒன்று கட்டிலுக்கடியில் புகுந்தது; மற்றொன்று அச்சிறிய அறையின் நடுவே வழிமறித்து நின்றது. மூதாட்டியிடமோ ஒரு கைப்பைதான். உடுத்தியது ஒன்று, உலர்வது ஒன்று, மாற்றுக்கு ஒன்று என மூன்று நைலக்ஸ் சேலைகளே அவர் கணக்கு.

கப்பலில் சலவைக்குக் கொடுத்தால் ஒவ்வோர் உடைக்கும் தனித்தனியே கட்டணம். அறைக்குள் இஸ்திரிப் பெட்டி கொண்டுவருதலும் கூடாது. அது தீக்கு அஞ்சிச் செய்த விதி. கடல் நடுவே தீ எத்தகையது என்பதை, 1985ஆம் ஆண்டில் ‘சிதம்பரம்’ கப்பலைத் தீக்குப் பறிகொடுத்த நம்மவர் நன்கறிவர்.

மூதாட்டிக்கு இவற்றால் இடர் ஏதுமில்லை. இரவில் கைகழுவும் தொட்டியிலே ரவிக்கையையும் சேலையையும் சிறிது சவர்க்காரமிட்டு அலசினார். ஈரத்துணியை உலர்ந்த துவாலையில் வைத்துச் சுருட்டி அழுத்தினார். ஈரத்தில் பெரும்பகுதியைத் துவாலை உறிஞ்சிக்கொண்டது. பின்பு குளியலறைக் கொடியில் விரித்துவிட்டார். விடியற்காலையில் எல்லாம் உலர்ந்திருந்தன.

“இதெல்லாம் எங்கே கற்றீர்கள், பாட்டி?” என்றாள் பேத்தி.

“ரஜூலாவில்தான், கண்ணு!”

1926இல் கட்டப்பெற்று 1973 வரை ஓடிய அந்தக் கப்பலில், 1968இல் அவர் பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் சென்றார். நன்னீரைக் குடிப்பதற்கென்று காத்துக்கொண்டு, கடல்நீரிலேயே துணி துவைத்தார். உப்புநீரில் சவர்க்காரம் நுரைக்காது. காய்ந்த துணியும் காற்றின் ஈரத்தை ஈர்த்துப் பிசுபிசுக்கும். இன்றைய கப்பலோ கடல்நீரையே நன்னீராக்கிக் குழாயில் தருகிறது.

“அப்போதும் இப்படிச் சிறு பைதானா?”

“இல்லையம்மா. தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும், அப்படியொரு தகரப் பெட்டி. எனக்கென்று அதில் இருந்தவை இரண்டே சேலைகள். கோடாலித் தைலம், மைலோ, கைலி, குடை, டார்ச் விளக்கு எல்லாம் ஊரில் காத்திருந்தவர்களுக்கு. அக்கா துறைமுகத்திற்கே வந்து நின்றாள்.” சற்று நிறுத்தினார். “அக்காவும் போய்விட்டாள். இந்தக் கப்பல் புறப்பட்ட இடத்திற்கே திரும்புகிறது. யாருக்கு என்ன கொண்டுபோவது?”

பேத்தி மறுமொழி கூறவில்லை. நடுவே நின்ற தன் பெட்டியை நோக்கினாள். அதிலிருந்தவை அனைத்தும் அவளுக்கே உரியவை. அன்றிரவு தன் சட்டையைத் தானே அலசி, பாட்டியின் சேலைக்கருகில் உலர்த்தினாள்.

தமக்கென்று குறைவாகக் கொள்வோருக்கே பிறர்க்கென்று சுமக்கப் பெட்டியில் இடமிருக்கும். அன்றைய தகரப் பெட்டியும் இன்றைய கைப்பையும் உணர்த்துவது அவ்வொரே பாடம்.