அணியம் தூக்கும் வள்ளம்

வள்ளம் அணியத்தை, அதாவது முன்மூக்கை, தூக்கிக்கொண்டு பாய்ந்தால் கரையில் நிற்கிறவர்களுக்குப் பார்க்க அழகாக இருக்கும். பின்கோடியான அமரத்தில் உட்கார்ந்து எஞ்சின் பிடிக்கிறவர் பாடு வேறு. எதிரே வருவது அலையா, இன்னொரு வள்ளமா, யாரோ விட்ட வலையின் மிதப்பா என்று தெரியாது. எழுந்து நின்று எட்டி எட்டிப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். மண்ணெண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும்.

முட்டம் பக்கத்தில் ஓர் எஞ்சின் பட்டறைக்கு நான் போயிருந்த காலையில் இந்தக் குறையோடுதான் ஒரு வள்ளக்காரர் வந்து நின்றார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் திருக்கை மீன் போல இருபுறமும் விரிந்த கறுப்பு பிளாஸ்டிக் சிறகு ஒன்று. பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போயிருக்கும் மைத்துனர் கொடுத்துவிட்டதாம்.

ஹைட்ரோஃபாயில் என்பார்கள். பெயரைக் கேட்டு வள்ளமே தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படிப் பறக்கிற படகுகளும் உண்டு. இத்தாலியரான என்ரிகோ ஃபோர்லானினி 1906இல் மஜோரே ஏரியில் ஒன்றை ஓட்டிக் காட்டினார். தொலைபேசியால் பெயர் பெற்ற கிரகாம் பெல்லின் எச்.டி.4 படகு 1919இல் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அட்டைப்பெட்டியில் வந்தது அந்த வம்சத்தின் ஏழைப் பங்காளி. எஞ்சினின் காலில், புரொப்பெல்லருக்கு நேர் மேலே, ஒரு தகடு உண்டு. மேலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு புரொப்பெல்லர் வெறுமனே சுற்றாமல் தடுப்பது அதன் வேலை. அந்தத் தகட்டில் சிறகை போல்ட் போட்டு முடுக்கிவிட்டால், ஓடும்போது தண்ணீர் அதை மேலே தள்ளும். அமரம் எழும்பும், அணியம் தானாக இறங்கும்.

மெக்கானிக்குக் கடலில் பாதி, பட்டறையில் பாதி என்று கழிந்த வாழ்க்கை. சிறகை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்தார். துளை போடும் மெஷினைத் தொடவில்லை.

“எஞ்சின் எவ்வளவு?”

“இருபத்தஞ்சு எச்.பி., அண்ணே.”

“முன்ன கெடந்தது?”

“ஒம்பது புள்ளி ஒம்பது.”

“வள்ளம் மாத்தினியா?”

“இல்ல, பழைய வள்ளம்தான்.”

“பின்ன தூக்காதா?”

பாதி விடை அதிலேயே இருந்தது. பழைய சின்ன எஞ்சினின் எடை 40 கிலோவுக்குள். புதியது 50 கிலோவைத் தாண்டும். பெரிய எஞ்சினுக்குக் கூடுதல் மண்ணெண்ணெய் வேண்டுமே என்று இரண்டு கேனையும் அமரத்திலேயே வைத்திருந்தார். ஓட்டுகிறவரும் அங்கேதான், துணைக்கு வருகிற பையனும் அங்கேதான். எல்லாம் பின்பாரம். 22 அடி வள்ளம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறவரை அதன் வேகம் சுமார் 6 நாட் அளவில், அதாவது மணிக்குப் பதினோரு கிலோமீட்டரில், நின்றுவிடும். அதற்குமேல் போக வேண்டுமென்றால், தான் எழுப்பிய அலையின் மேலேயே அது ஏறி வழுக்க வேண்டும். பின்பாரம் கூடிய வள்ளம் அந்த ஏற்றத்தில் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். அமரம் பள்ளத்தில், அணியம் ஆகாயத்தில்.

இந்தக் கரையில் 1980களின் தொடக்கத்தில் பெல்ஜியத்துக்காரரான பியர் ஜில்லே உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் வள்ளங்களைச் செய்து பார்த்தார். அன்று மாட்டியவை சின்ன எஞ்சின்கள். பிறகு ஃபைபர் வந்தது, எஞ்சினும் பெருத்துக்கொண்டே போனது. எஞ்சின் விற்கிறவர்கள் குதிரைத்திறனைத்தான் பேசுகிறார்கள். எஞ்சின் மாட்டும் அமரப் பலகையின் உயரத்தை அளந்து பார் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு. காலின் நீளம் 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு அளவில் எஞ்சின் வருகிறது. பலகையின் உயரத்துக்குப் பொருந்தாததை மாட்டினால் பிறகு எந்தச் சிறகு வாங்கியும் முழுப் பயன் இல்லை.

மெக்கானிக் முதலில் ஒரு நீளமான சட்டத்தை எடுத்து வள்ளத்தின் அடியோடு ஒட்டிப் பின்பக்கமாக நீட்டினார். எஞ்சினின் தகடு அந்தச் சட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் மேலேயோ இருக்க வேண்டும். இதில் மூன்று விரல் கீழே கிடந்தது. “அலையில புரொப்பெல்லர் வெளிய வந்து கத்தக் கூடாதுன்னு எறக்கி வச்சிருக்கான் சார். அதுவும் நியாயந்தான்” என்றார். கடலுக்குப் போகிறவன் செய்கிற சமரசம் அது. பிறகு பலகையைப் பிடித்திருக்கும் தாங்கியில் வரிசையாக உள்ள துளைகளில் ஒன்றில் கிடந்த பின்னை உருவி, ஒரு துளை உள்ளே தள்ளிப் போட்டார். எஞ்சினின் கால் பலகையை நோக்கிச் சற்றே நெருங்கியது. கேன் இரண்டையும் நடுவள்ளத்துக்கு நகர்த்தச் சொன்னார். செலவு ஒரு பைசா இல்லை.

கடலில் இறக்கிப் பெட்ரோலில் கிளப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் நானே பார்த்தேன். முன்பு மறைந்துபோகும் அடிவானம் இப்போது அணியத்துக்கு மேலே தெரிந்தது. சரி, இன்னும் ஒரு துளை உள்ளே போட்டால் என்ன என்று வள்ளக்காரருக்கு ஆசை. போட்டார்கள். வள்ளம் மூக்கைக் குத்திக்கொண்டு, பிடித்த திசையில் நிற்காமல் இழுத்தது. பின்னாலிருந்து அலை துரத்தும்போது இப்படி மூக்குக் குத்தினால் வள்ளம் குறுக்கே திரும்பிக் கவிழும். பின்னை மறுபடி பழைய துளைக்கே மாற்றினார்கள்.

மெக்கானிக் கை காட்டிவிட, பக்கத்திலிருந்த ஃபைபர் வள்ளம் கட்டும் கூடத்துக்கும் போனேன். ரெசின் நெடி மூக்கை எரிக்கிறது. இரண்டு இளைஞர்கள் கண்ணாடி இழைப் பாயில் ரெசின் தடவி, உள்ளே காற்றுக் குமிழ் நிற்காமல் ரோலரால் உருட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்த தொழிலாளி பழுதுக்கு வந்த ஒரு படகின் அமரப் பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டிக் காட்டினார். மேலே தட்டினால் ‘டக்’ என்று கெட்டியான சத்தம். கீழே, போல்ட் துளை ஒன்றைச் சுற்றி, ‘தொப்’ என்று செத்த சத்தம். ஃபைபருக்கு நடுவில் பிளைவுட் இருக்கிறது. துளையைச் சரியாக அடைக்காததால் உப்புத்தண்ணீர் உள்ளே போய் அதை உளுத்துப்போகச் செய்திருக்கிறது.

அந்தத் துளை டிரிம் டேபுக்காகப் போட்டது. அமரப் பலகையின் கீழ்விளிம்பில் இடமும் வலமும் கீல் வைத்துப் பொருத்தும் எஃகுத் தகடுகள் அவை. கீழே சாய்த்தால் அமரம் எழும்பும். சிறகு எஞ்சினோடு சேர்ந்து திரும்பும்; இது படகின் உடம்போடே நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் இறக்கி, ஆட்கள் ஒருபக்கமாக உட்கார்ந்ததால் வரும் சாய்வையும் நிமிர்த்தலாம். சிறகால் அது முடியாது. படகின் நீளம் எத்தனை அடியோ, ஒவ்வொரு தகடும் அத்தனை அங்குல அகலமாவது இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எதிரலையில் இறக்கு, பின்னலையில் தூக்கு, ரிவர்ஸ் போடும் முன் மறக்காமல் தூக்கு.

காயலில் சவாரி போகிற படகுக்கு இது நல்ல கருவி. மணலில் இழுத்து ஏற்றுகிற வள்ளத்துக்கு ஆகாது. முதல் இழுப்பிலேயே தகடு வளைந்துவிடும். “அதுக்குப் பதிலா அடியில ஆப்பு வச்சு ஃபைபர் போட்டிருவோம்” என்றார் மூத்தவர். அமரத்தின் அடியில் சாய்வாக ஒட்டும் அந்த ஆப்பும் டிரிம் டேப் வேலையைத்தான் செய்கிறது. ஏற்றி இறக்க முடியாது, ஆனால் உடையவும் உடையாது.

பட்டறையில் வள்ளக்காரர் விடவில்லை. மைத்துனர் மனம் நோகுமே. கடைசியில் சிறகை மாட்டிக் கொடுத்தார் மெக்கானிக். பலன் இல்லாமலில்லை. வள்ளம் முன்னைவிட எளிதாக அலைமேல் ஏறியது, மெதுவாகப் போனாலும் ஏறியபடியே நின்றது, சட்டென்று திருப்பினால் புரொப்பெல்லர் கத்துவதும் குறைந்தது. முழு வேகம் மட்டும் சற்றுக் குறைந்தது. எஞ்சின் தாழ்ந்து கிடப்பதால் சிறகு எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இழுபடுகிறது. வலை வாங்கும்போது கண்ணி அதில் போய்ச் சிக்குகிறதாம். தூண்டிலுக்குப் போகும்போது மாட்டுவதும், வலைக்குப் போகும்போது கழற்றுவதுமாக இருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் பாரத்தை முன்னே நகர்த்துங்கள், தகட்டின் உயரத்தைச் சட்டம் வைத்துப் பாருங்கள், பின்னை ஒவ்வொரு துளையாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், துளை போடாமல் கவ்விப் பிடிக்கும் வகைச் சிறகுகளும் இருக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள். தகட்டில் துளை போட்டால் எஞ்சினின் வாரண்டி நிற்குமா என்று விற்றவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.