எட்டு நாளில் மாறிய வகுப்பு



பெருநாளைக்கு நாங்கள் போட்ட படங்களில், இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் தங்கச்சியின் மகள் குதிரையில் இருக்கும் படத்துக்குத்தான் கூடுதலாகக் கேள்வி வந்தது. "டீச்சர், இது ரேஸா? பந்தயம் கட்டுறது ஹராம் இல்லையா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். "இந்த வருஷம் எத்தனையாம் இடம்?" என்று இன்னும் சிலர். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

முதலாவது, இது ரேஸ் இல்லை. குதிரை என்றதும் எங்களுக்கு ஏப்ரல் மாதத்து நுவரெலியாவும் அங்கே கைமாறும் காசும்தான் ஞாபகம் வருகிறது. அது நியாயமான பயம். ஆனால் இந்தப் பிள்ளை போகும் போட்டியின் பெயர் வேர்க்கிங் ஹன்டர் போனி. அதில் யாரும் யாரையும் முந்தி ஓடுவதில்லை. ஒவ்வொரு பிள்ளையாக மைதானத்துக்குள் வந்து, மரக்கட்டை, பற்றை, சுவர், படலை என்று காட்டுப்புறத்தில் இருப்பது போலவே செய்து வைத்திருக்கும் தடைகளைப் போனியில் பாய்ந்து கடக்க வேண்டும். பிறகு நடுவர்கள் போனியின் உடல் அமைப்பு, நடை, சொல்கேட்கும் குணம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பாய்ச்சலுக்கும் அதைப் பாய்ந்த ஒழுங்குக்கும்தான் பாதிக்கு மேல் புள்ளி. வென்றால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு ரிப்பன் பூ.

ஹன்டர் என்ற சொல் பழைய வேட்டைக் காலத்தில் இருந்து வந்தது. ஒரு பிள்ளையை வேலி, பள்ளம் தாண்டிப் பத்திரமாகக் கொண்டு போகக்கூடிய போனி எது என்று பார்ப்பதுதான் இதன் நோக்கம். நாய்களை விட்டு வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் தடுத்துவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே மனனம் செய்யும் சூரா அல்-ஆதியாத் ஓடும் குதிரைகளைக் கொண்டுதான் தொடங்குகிறது. பெண்பிள்ளை குதிரை ஏறலாமா என்று கேட்டவர்களுக்கு எங்களிடம் அதற்கு மேல் விவாதம் இல்லை. பிள்ளை ஹெல்மட்டுக்குள் மெல்லிய ஸ்கார்ஃப் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறாள்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். அந்தப் படத்தில் உள்ள போனியில் அவள் இந்த வருஷம் பெரிய போட்டிகளுக்குப் போக முடியாது. காரணம் காயமும் இல்லை, காசும் இல்லை. அவள் பிறந்தது டிசம்பர் 24.

இந்தப் போட்டியில் வகுப்புகளைப் போனியின் உயரத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் அளக்கிற உயரம் அது. 133 சென்ரிமீற்றருக்கு உட்பட்டது ஒரு வகுப்பு, அதற்கு மேல் 143 வரை இன்னொன்று, பிறகு 153 வரை. ஒவ்வொரு வகுப்பிலும் ஏறும் பிள்ளைக்கு வயது எல்லையும் இருக்கிறது. நாங்கள் பார்த்த அட்டவணையில் 133 வகுப்புக்கு 14, 143 வகுப்புக்கு 17. விதி எழுதியிருக்கும் முறைதான் முக்கியம்: அந்த வருஷம் ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் பிள்ளை 14ஆவது பிறந்தநாளை அடைந்திருக்கக் கூடாது. போட்டி நடக்கும் அன்றைய வயது கணக்கில் வராது. ஜனவரி 1இல் பிறந்த பிள்ளைக்கு அன்றைக்கே 14 வயது ஆகிவிட்டாலும், அந்த வருஷம் முழுக்க 133 வகுப்பில் ஏறலாம். எட்டு நாள் முந்திப் பிறந்த எங்கள் பிள்ளைக்கு ஒரு போட்டிகூட இல்லை.

"அப்படியென்றால் அதே போனியில் 143 வகுப்புக்குப் போகட்டுமே?" என்று தங்கச்சியின் கணவர் கேட்டார். அதுவும் முடியாது. அந்தப் போனி 132. அடுத்த வகுப்பு 133க்கு மேற்பட்ட போனிகளுக்கு. ஆனால் 12 வயதுப் பிள்ளை 142 போனியில் ஏறினால் தடையில்லை, ஏனென்றால் வயதுக்கு மேல் எல்லை மட்டும்தான் உண்டு. விதி ஒரு பக்கம்தான் கதவைச் சாத்துகிறது. எங்களுக்கு இது நியாயமாகவே படுகிறது. பிள்ளை வளரும், சின்னப் போனி வளராது. பாரம் சுமப்பது அதன் முதுகு. பெரிய பிள்ளைகள் விட்டுக்கொடுக்காவிட்டால் பின்னால் வரும் சின்னப் பிள்ளைகளுக்கு இடமும் இல்லை.

ஆனால் நியாயம் என்று சொல்வதும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும் ஒன்றல்லவே. அந்தப் போனி அவர்களுடையது அல்ல. அங்கே இது வழக்கம்: தங்கள் பிள்ளை வளர்ந்த பிறகு போனியை விற்க மனமில்லாதவர்கள் அதை இன்னொரு குடும்பத்துக்கு லோனுக்குக் கொடுப்பார்கள். தீனி, லாடம், மருத்துவர் செலவு எடுத்தவர் பொறுப்பு. மூன்று வருஷம் காலையில் பள்ளிக்குப் போகுமுன் சாணம் அள்ளியவள் இவள். சொந்தக்காரர் ஒக்டோபரில் பர்மிங்ஹாமில் நடக்கும் பெரிய போட்டிக்கான தகுதிகாண் சுற்றுகளில் போனியை விட விரும்பினார். அதற்கு ஏற்ற வயதுப் பிள்ளை வேண்டும். அதனால் போனி போக வேண்டி வந்தது.

அந்த நேரத்தில் யாரோ ஒரு தெரிந்தவர் தங்கச்சியிடம், "பெயரைக் கொடுங்கள், போனியின் பாஸ்போர்ட்டையும் உயரச் சான்றிதழையும்தான் பார்ப்பார்கள், பிள்ளையின் வயதை யார் தேடப்போகிறார்கள்?" என்று சொல்லியிருக்கிறார். தங்கச்சி எங்களுக்கு எடுத்துக் கேட்டாள். நாங்கள் வருஷக் கணக்கில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் வலயப் போட்டிக்கும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களோடு அலைகிறவர்கள். பரிசு கொடுத்து, கைதட்டி, படமும் எடுத்த பிறகு திகதி பிழை என்று சான்றிதழைத் திருப்பி வாங்கிய ஒரு பிள்ளையை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தத் திகதியை எழுதிக்கொடுத்தது பெரியவர்கள். மேடையில் நின்றது பிள்ளை. அதைத்தான் தங்கச்சிக்குச் சொன்னோம். அவள் மகளிடம் கேட்டபோது, "உம்மா, நான் யாருடைய ரிப்பனையோ எடுக்கப் போகிறேனா?" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாளாம்.

வேறு விதிகளும் நிறைய உண்டு. எல்லாவற்றையும் எழுதினால் நீங்கள் எங்களை அன்பிரண்ட் பண்ணிவிடுவீர்கள். எங்களுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் சொல்கிறோம்: ஒரு நடுவர் தான் வளர்த்த, விற்ற, பயிற்றிய போனிக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த நடுவர் யார் என்று பார்த்து, அப்படித் தொடர்பு இருந்தால் அந்தப் போட்டிக்குப் போகாமல் விடுவது போனியைக் கொண்டு வருகிறவரின் கடமை. எங்கள் பேச்சுப் போட்டிகளில், கிராஅத் போட்டிகளில் இப்படி ஒன்று இருந்தால் எத்தனை மனத்தாங்கல் குறையும்!

போனி மார்ச் மாதம் போனது. புதிதாக ஏறப்போவது 10 வயதுப் பிள்ளை. எந்தத் தடைக்கு அது தயங்கும், எந்தக் காதைத் தொட்டால் பிடிக்காது என்று எங்கள் பிள்ளை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தனுப்பினாள். படத்தைக் கடைசியாக எடுத்ததும் அன்றுதான்.

இப்போது அவளுக்கு இன்னொருவர் லோனுக்குக் கொடுத்திருக்கும் போனி 141. அதற்கு வயது 5தான். 7 வயது வரை வருஷா வருஷம் அளந்து புதுச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நிரந்தரச் சான்றிதழ். இடையில் 143ஐத் தாண்டினால் அதுவும் வகுப்பு மாறிவிடும். அதனால் தங்கச்சி வீட்டில் இப்போது பிள்ளை வளர்கிறாளா என்பதைவிடப் போனி வளர்கிறதா என்பதுதான் கவலை. தொலைபேசியில் எங்களுக்கும் முதலில் அந்த விபரம்தான் வருகிறது.

எத்தனையாம் இடம் என்று கேட்டவர்களுக்கு: புதுப் போனியில் இதுவரை ஒரு போட்டி. மூன்றாவது தடையில் கட்டை விழுந்தது. இடம் கிடைக்கவில்லை. அடுத்தது இன்ஷா அல்லாஹ் வருகிற மாதம்.