இடாப்பும் தொட்டிலும்

வகுப்பாசிரியருக்கு ஒவ்வொரு நாளும் முதற்கடமை இடாப்புக் கூப்பிடுதல். மலையகத்துப் பாடசாலையொன்றிலே தமிழ் படிப்பிக்கத் தொடங்கிய நாள் முதல் நாமும் அக்கடமையைத் தவறாது செய்துவருகிறோம். பெயர்களைக் கூப்பிடுவோம், வந்தோருக்கு ஒரு குறி, வராதோருக்கு வேறொரு குறி. அக்குறிகளுக்குப் பின்னால் ஒரு சமூகத்தின் வரலாறே கிடக்கக்கூடும் என்ற எண்ணம் எமக்கு எழுந்ததில்லை.

சென்ற ஆண்டு, பதினோராந் தரத்து மாணவி ஒருத்தியின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்னும் குறி அடிக்கடி விழத் தொடங்கிற்று. சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருந்தன. கட்டுரை எழுதுவதில் வகுப்பில் அவளுக்கு இணை எவருமில்லை. படிப்பில் அக்கறை குன்றிவிட்டது என்று நாம் முடிவுகட்டினோம். தாயாரை அழைத்துவரும்படி சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம்.

தாயார் வந்தார். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. கொழுந்து மலையில் அன்றைய அரைப்பேரை இழந்துதான் அவர் வந்திருந்தார் என்பது பின்னரே எமக்குத் தெரியவந்தது.

"புள்ளைக்குக் காய்ச்சல்னா பிள்ளைக் காம்பராவுல எடுக்க மாட்டாங்க சேர். நான் வீட்டுல நின்னா பேர் இல்ல. இவ அப்பா கொழும்புல கடையில நிக்கிறாரு. வேற யாரு இருக்கா?"

அவர் குரலில் முறைப்பாடு எதுவுமில்லை. விடை தெரிந்தால் சொல்லுங்கள் என்பது போலவே கேட்டார். எம்மிடம் விடை இருக்கவில்லை. மாணவி தலைகுனிந்து நின்றாள். குனிந்திருக்கவேண்டியது எமது தலையே.

இந்த நாட்டில் தாய்மாருக்குச் சட்டம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. அரசாங்க சபைக் காலத்திலே, 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோன்றிற்று. கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலைசெய்வோருக்கு 1954இல் தனிச் சட்டம் வந்தது. மூன்றாம் பிள்ளை முதலாக 42 நாளே என்றிருந்த பிரசவ லீவு, 2018ஆம் ஆண்டின் திருத்தங்களால் எல்லாப் பிள்ளைகளுக்கும் 84 நாள் ஆயிற்று. இத்தாயாருக்கு இது மூன்றாம் பிள்ளை. அத்திருத்தத்தின் பயனை அவர் பெற்றார். ஒன்பது மணி நேர வேலைக்கிடையே இரண்டு முறை பாலூட்டுவதற்கு இடைவேளை அளிக்கவேண்டும் என்ற விதியும் உண்டு. இவை எவையும் இரங்கிக் கொடுத்த கொடைகளல்ல. உழைப்பாளர் இயக்கங்கள் உலகெங்கும் கேட்டுப் பெற்றவை. 1919இல் சர்வதேச தொழில் நிறுவனம் தனது முதற் கூட்டத்தொடரிலேயே மகப்பேற்றுப் பாதுகாப்புக்கென ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியதும் அவ்வியக்கங்களின் வலிமையினாலேயே.

ஆயினும் இச்சட்டங்களை ஒருங்கே வைத்துப் படிக்கையில் ஓர் உண்மை புலனாகின்றது. சட்டத்துக்குப் பிரசவம் தெரியும். பிள்ளையின் காய்ச்சல் தெரியாது. தாயைத் தெரியும், தந்தையைத் தெரியாது. 2018ஆம் ஆண்டின் திருத்தங்கள் தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. கொழும்புக் கடையிலே நிற்கும் அத்தந்தைக்குச் சட்டப்படி ஆண்டுக்கு ஏழு நாள் சமயோசித லீவு உண்டு. தோட்டத்துக்கு வந்து திரும்பும் பயணத்திலேயே அதிற் பெரும்பகுதி கழிந்துவிடும்.

மகப்பேற்றுச் சம்பளம் முழுவதையும் வேலைகொள்வோரே கொடுக்கவேண்டும் என்பது எமது முறை. இதனால் விளைவது யாது? இளம்பெண்ணை வேலைக்கு எடுக்கையில் முதலாளி அவளுடைய திறமையைப் பார்ப்பதற்கு முன் அவள் கழுத்தைப் பார்க்கிறான். பிள்ளை நாளைய சமுதாயத்தின் உழைப்பாளி. செலவோ ஒரு முதலாளியின் கணக்கில். அவனோ அதனைப் பெண்ணின் தலையில் இறக்கிவிடுகிறான்.

அரசு பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்ட சந்தர்ப்பமும் ஒன்றுண்டு. வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்களாய்ச் செல்வோரிடம் 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கோரப்பட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய் போகலாகாது என்றார்கள். 2022இல் அவ்வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்கிறாய் என்ற கேள்வி தாயிடமே கேட்கப்பட்டது. கடல்கடந்து சென்ற தந்தையரிடம் அக்கேள்வியை எவரும் கேட்டதில்லை.

பிறரைக் குறைசொல்லும் முன் எமது வீட்டையும் பார்க்கவேண்டும். எமக்குப் பிள்ளை பிறந்தபோது, அரசாங்க ஊழியர் என்ற வகையில் மூன்று நாள் லீவு கிடைத்தது. நாலாம் நாள் காலையில் நாம் வகுப்பறையில் இடாப்புக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவ்வாண்டு முழுவதும் வேறு லீவு எடாத ஆசிரியர் என்று காலைக் கூட்டத்திலே அதிபர் எம்மைப் பாராட்டினார், மாணவர் கைதட்டினர். எமது துணைவியார் தனியார் நிறுவனமொன்றில் எழுதுவினைஞர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றும் வயிற்றோட்டம் என்றும் தடுப்பூசி என்றும் அவருடைய லீவு நாட்கள் ஆனி மாதத்துக்குள்ளேயே தீர்ந்துவிட்டன. அதன்பின் எடுத்தவற்றுக்கெல்லாம் சம்பளம் வெட்டப்பட்டது. எமது பாராட்டுக்கான விலையை அவர் செலுத்தினார். முற்போக்கு என்றும் சமத்துவம் என்றும் மேடையேறிப் பேசிய நாம், அதனை ஒருநாளேனும் கணக்கெடுக்கவில்லை.

இதனைத் தனிமனிதரின் மனமாற்றத்துக்கு விட்டுவிட முடியாது. சுவீடன் தேசத்திலே 1974இல் பிரசவ லீவை மாற்றிப் பெற்றோர் இருவருக்கும் உரிய காப்புறுதியாக்கினார்கள். உரிமை ஏட்டில் இருந்தும் தந்தையரிற் பெரும்பாலோர் அதனைத் தொடவில்லை. 1995இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கி, அவர் எடாவிட்டால் அது இழக்கப்படும் என்று விதித்தபோதுதான் ஆண்கள் பெருந்தொகையாய் வீட்டில் நிற்கத் தலைப்பட்டனர். நோயுற்ற பிள்ளையைப் பார்க்க நிற்கும் நாட்களுக்கும் அக்காப்புறுதியே பணங் கொடுக்கின்றது. தனி முதலாளியின் தயவு அங்கு வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஆக்கிய விதி, தந்தைக்குப் பத்து வேலை நாட்களையேனும் கட்டாயமாக்கிற்று. சர்வதேச தொழில் நிறுவனத்தின் சொற்களிலும் இம்மாற்றத்தைக் காணலாம். 1965இல் அது 'குடும்பப் பொறுப்புடைய பெண்கள்' என்று பேசிற்று. 1981இல், 156ஆம் இலக்க உடன்படிக்கையில், 'குடும்பப் பொறுப்புடைய தொழிலாளர்' என்றது. ஒரு சொல்லை மாற்றப் பதினாறு ஆண்டுகள் சென்றன.

வறிய நாட்டுக்கு இதெல்லாம் தாங்காது என்போர் உளர். நாம் அவர்களைக் கேட்பது ஒன்றே: தாங்காது என்கிறீர்களே, அச்செலவை இன்று தாங்குவது யார்? லயத்து அறையிலே புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தொட்டிலை ஆட்டும் பதினாறு வயதுச் சிறுமியல்லவா?

எமது ஆசிரியர் சங்கங்களும் தோட்டத் தொழிற்சங்கங்களும் சம்பள உயர்வோடு இக்கோரிக்கையையும் எழுதவேண்டிய காலம் இது. தந்தைக்கும் லீவு, பிள்ளையின் நோய்க்கும் லீவு, அவற்றின் செலவுக்குப் பொதுநிதி: இம்மூன்றும் ஒன்றாய்க் கேட்கப்படவேண்டியவை.

அம்மாணவிக்கு மாலை வேளைகளில் தவறிய பாடங்களைச் சொல்லிக்கொடுத்தோம். பரீட்சையில் அவள் தேறினாள். ஆனால் ஓர் ஆசிரியரின் இரக்கத்தால் ஒருத்தி தேறியதை நாம் வெற்றி என்று எழுதமாட்டோம். இவ்வாண்டும் எமது வகுப்பு இடாப்பிலே அதே குறிகள் வேறொருத்தியின் பெயருக்கு நேரே விழுகின்றன.

சென்ற மாதம் எமது பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது முதன்முறையாக நாம் லீவெடுத்து வீட்டில் நின்றோம். மறுநாள் ஆசிரியர் அறையிலே நண்பரொருவர் வியப்போடு கேட்டார்: "ஏன், வீட்டில மிஸிஸ் இல்லையா?"

அவரைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. ஓராண்டுக்கு முன் நாமும் அவ்வாறே கேட்டிருப்போம்.