எதிர்க்காற்றில் நெடுந்தீவுக்கு

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுப்பகுதிக்குச் செல்லும் வழி நம் வாசகர்களுட் பலருக்குப் பழக்கமானதே. நயினாதீவில் நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோர் பேருந்தில் ஏறி, வேலணையும் புங்குடுதீவும் யன்னலோரம் ஓடி மறைய, குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கிப் படகேறுவர். நாமும் அவ்வாறே பன்முறை சென்று வந்திருக்கிறோம். ஆனால் 2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் அவ்வழியைச் சைக்கிளில் கடக்க நேர்ந்தது. அது நாமே விரும்பி மேற்கொண்ட பயணமன்று. எம்மைத் தூதாக அனுப்பினார்கள். அதுவும் ஒருத்தியைத் தடுத்து நிறுத்துவதற்காக!

எமது பெறாமகளுக்கு நெடுந்தீவிலுள்ள பாடசாலையொன்றில் ஆசிரிய நியமனம் கிடைத்திருந்தது. திங்கள் காலையிற் சென்று, கிழமை நாட்களில் அங்கேயே தங்கி, வெள்ளி மாலை திரும்புவதென்று ஏற்பாடு. தங்கும் வீடு ஓரிடம், பாடசாலை வேறோரிடம். நெடுந்தீவு பெயருக்கேற்ப நெடியது. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அங்கே கால்நடையாக எல்லாம் ஆகிவிடாது. வீட்டிலே ஸ்கூட்டர் ஒன்று இருந்தது உண்மை. எனினும் அது எரிபொருளுக்கு நாடெங்கும் வரிசையில் நின்ற ஆண்டு. பங்கீடு வந்த பின்னரும் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். அந்த நாலு லீற்றரும் தகப்பனாரின் தொழிலுக்கே போதவில்லை. மிஞ்சியது பிள்ளையின் பழைய லுமாலா சைக்கிள். பேருந்தில் அதனை ஏற்றிச்செல்ல இடமில்லை. ஆகவே குறிகட்டுவான் வரையிலான சுமார் 30 கிலோமீற்றரையும் உழக்கியே போவதென்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

எமது தமக்கையார் அன்றிரவு உறங்கவில்லை. மறுநாள் எம்மை அழைத்து, "நீயும் ஒருக்கால் அவளோடை போ. வழியிலை களைச்சுப் போவாள். அந்த நேரம் பார்த்து, இடமாற்றத்துக்கு எழுதச் சொல்லு" என்றார். குடும்பத்திலே சைக்கிள் ஓடத் தெரிந்த பெண்களுள் வயதில் மூத்தவர் நாமே என்பதுதான் எமக்கு இத்தூது கிடைத்தமைக்குக் காரணம்.

அது எவ்வாறு தெரிந்தது என்பதையும் இங்கே கூறிவிடுகிறோம். 1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையினால் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது நின்றுபோயிற்று. அந்நாட்களில் யாழ்ப்பாணம் சைக்கிளிலேதான் நகர்ந்தது. விறகும் நெல்மூட்டையும் சைக்கிளில் வந்தன. நோயாளியும் மணப்பெண்ணும் சைக்கிளில் வந்தனர். மின்சாரமற்ற இரவுகளில் சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். சைக்கிள் ஓடாத பெண்ணைக் காண்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், நாம் ஓடியதை எவரும் வியக்கவுமில்லை, பழிக்கவுமில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தபோது, எமது வீட்டின் பாதியைக் கரியரில் கட்டித் தள்ளிச் சென்றதும் அதே சைக்கிளைத்தான்.

பின்னர் எமக்கு மணமாயிற்று. வேலைக்கும் சைக்கிளிலேயே போய்வந்துகொண்டிருந்தோம். ஒருநாள் உறவினரொருவர், "இனியும் ஏன் உனக்குச் சைக்கிள்?" என்று கேட்டார். சினந்து கேட்டாரல்லர், தேநீர் அருந்திக்கொண்டே கேட்டார். வீட்டில் இருந்த எவரும் அதற்கு மறுமொழி கூறவில்லை. கந்தோரிலும் அவ்வாறே ஒரு புன்னகை, அவ்வாறே ஒரு மௌனம். தடுத்தவர் ஒருவருமில்லை, ஓடு என்றவரும் ஒருவருமில்லை. தாழ்வாரத்திற் சாய்ந்து துருவேறிய அந்தச் சைக்கிள் பழைய இரும்புக்காரனுடன் போய்ச் சேர்ந்தபோது நாம் அதைப் பெரிதாக எண்ணவுமில்லை. பெரிதென்று எண்ணியது இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், தமக்கையாரின் தூதை ஏற்று, அயல்வீட்டுப் பெண்ணின் சைக்கிளை இரவல் வாங்கி, இருள் பிரியுமுன் எமது ஒழுங்கையில் ஒரு வாரம் பழகியபோதுதான். முதல்நாள் கதியால் வேலியில் மோதினோம். பார்த்திருந்தது நாய் ஒன்று மட்டுமே என்பதில் எமக்கு ஆறுதல்.

திங்கள் விடியுமுன்னரே அத்தான் படலையடியில் குந்தியிருந்தார். அவர் பேச்சிற் சிக்கனமானவர். மகளிடம் போ என்றோ போகாதே என்றோ அவர் சொன்னதாக நாமறியோம். ஆனால் முதல்நாள் மாலையே செயினுக்கு எண்ணெய் விட்டு, ஆசனத்தை அரை அங்குலம் உயர்த்தி, பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றியிருந்தார். இப்போது இரண்டு சைக்கிளுக்கும் காற்றடித்து, பெருவிரலால் டயரை அழுத்திப் பார்த்தார். ஒட்டுப்போடும் சாமான்களைப் பழைய பிஸ்கற் பேணியொன்றில் இட்டுக் கரியரில் கட்டினார். தமக்கையார் இடியப்பப் பொதியைத் தந்து, எம்மை நோக்கி மட்டும் ஒரு பார்வை பார்த்தார். அதன் பொருள் எமக்கா விளங்காது?

பண்ணைவரை அவளுடைய தோழியர் இருவர் தங்கள் சைக்கிள்களில் வழியனுப்ப வந்தனர். பாலத்தின் இருமருங்கிலும் ஆழமற்ற கடல், நாட்டிய தடிகளில் வலைகள், அவற்றின்மேற் கொக்குகள். பட்டினம் பின்னே தாழ்ந்து சென்றது. அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று ஊர்கள் வந்தன. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தவர்களுள் திரும்பாதோரின் வீடுகள் கூரையின்றி நிற்க, முற்றங்களில் வடலி வளர்ந்திருந்தது. அத்தகைய வீடுகளைப் பேருந்திலிருந்து பார்ப்பது வேறு. மெல்ல உழக்கிச் செல்கையில் ஒவ்வொரு வாசற்படியும் கண்ணிற் படுகிறது.

வேலணையில் ஒரு வழி ஊர்காவற்றுறைக்குப் பிரிகிறது. அங்கொரு தேநீர்க் கடையில் இறங்கினோம். பிள்ளைக்கு முகம் சிவந்திருந்தது. எமக்கோ கால்கள் எமதாக இல்லை. தூதைச் சொல்ல இதுவே தருணமென்று நாம் தொண்டையைச் செருமிய வேளையில், வாங்கிலிருந்த முதியவரொருவர் முந்திக்கொண்டார்.

"எங்கை பிள்ளை போறியள்?"

"நெடுந்தீவுக்கு, ஐயா. படிப்பிக்க."

அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார். பெண்பிள்ளை இவ்வளவு தூரமா என்று தொடங்குவார் என எதிர்பார்த்தோம். "இது சோழகக் காற்று. புங்குடுதீவுப் பாலத்திலை நிமிர்ந்திருந்து உழக்காதை. குனிஞ்சு, மெல்ல மெல்லப் போ. திரும்பி வரேக்கை காத்தே உன்னைத் தள்ளிக்கொண்டு வரும்" என்றார். அவ்வளவுதான். வழி கேட்பவருக்கு வழி சொல்வது போலச் சொல்லிவிட்டுத் தமது பத்திரிகைக்குள் புகுந்துவிட்டார்.

எமக்குப் பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள புதுக்கோட்டை மாவட்டம் நினைவுக்கு வந்தது. அங்கே 1991 ஆம் ஆண்டளவில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு புகட்டத் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அதனோடு சேர்த்தார். கல்லுடைப்போரும் வயல்வேலை செய்வோருமான பெண்கள் ஆயிரக்கணக்கில் பழகினர். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டனர். குறுக்குச் சட்டத்திற் குழந்தையை இருத்தலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினராம். ஏளனம் அங்கும் இருந்தது. ஆயினும் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைத்தது. பிடித்து ஓடப் பழக்கச் சக பெண்கள் இருந்தனர். புகழுரையைவிட அவை பெரியவை என்று நாம் கருதுகிறோம். மேடையில் வாழ்த்திவிட்டு வீட்டிற் சைக்கிளைப் பூட்டிவைப்போரையும் நாம் அறிவோம் அல்லவா?

தூதைச் சொல்லாமலே புறப்பட்டோம்.

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் பாலம் கடலின் நடுவே நீண்டு கிடக்கிறது. மரமுமில்லை, நிழலுமில்லை. முதியவர் கூறியது பொய்யன்று. சோழகம் எதிரே நின்று மார்பிற் கைவைத்துத் தள்ளியது. பாதி வழியில் நாம் இறங்கிவிட்டோம். மூச்சு வாங்கியது, வெட்கமாயும் இருந்தது. முன்னே சென்ற பிள்ளை திரும்பி வந்தாள். களைத்துவிட்டீர்களா என்று அவள் கேட்கவில்லை. "சின்னம்மா, எனக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு வாங்கோ. காத்தை நான் மறைக்கிறன்" என்றாள்.

அவளுடைய பின்சில்லுக்கு இரண்டு முழம் பின்னே எமது முன்சில்லு. காற்று உண்மையாகவே குறைந்தது. அவள் முதுகு வியர்வையில் நனைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே உழக்கினோம். அவளைத் திருப்பியழைக்க வந்தவர் நாம்! பாலம் முடியும்வரை நாம் வாய் திறக்கவில்லை. மூச்சில்லாமை மட்டும் அதற்குக் காரணமன்று.

குறிகட்டுவானில் அவளுடன் கற்பிக்கும் ஆசிரியைகள் இருவரும் ஆசிரியர் ஒருவரும் காத்து நின்றனர். அவர்கள் பேருந்தில் வந்தவர்கள். படகுக்காரரிடம் முன்னரே சொல்லி, மேற்றட்டில் சைக்கிளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தனர். "ரீச்சர், கைபிடியை விடுங்கோ, நாங்கள் தூக்குறம்" என்று இரு இளைஞர்கள் இரு சைக்கிள்களையும் ஏற்றிக் கயிற்றாற் கட்டினர். ஆசிரியைகளுள் மூத்தவர், ஐம்பதை அண்மித்தவர், தமது குடையால் சைக்கிளைச் சுட்டி, "பின்னேரத்திலை எனக்கும் பழக்கவேணும். நான் விழுந்தால் சிரிக்கக்கூடாது" என்றார். வேலியில் மோதிய கதையை அவருக்குச் சொன்னோம். படகு நயினாதீவின் கோபுரத்தையும் நாகதீப விகாரையின் தாதுகோபத்தையும் தூரத்தே விட்டு விலகும்வரை அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடற்பயணத்தில் அலை எம்மைப் படுத்திய பாட்டை விரிப்பதால் பயனில்லை. நெடுந்தீவில் இறங்கியதும் முருகைக் கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள் இருபுறமும் தொடர்ந்தன. சாந்தில்லாமல் அடுக்கியவை அவை. காற்று அவற்றின் இடுக்குகளூடே விசிலடித்துச் செல்கிறது. வெளியொன்றில் மட்டக் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒல்லாந்தர் கோட்டையையும் பெருக்கு மரத்தையும் காண எமக்கு நேரமிருக்கவில்லை. பிற்பகற் படகைப் பிடித்தாகவேண்டும். பாடசாலை ஒழுங்கையில் திரும்பியபோது சிறுமியர் சிலர் மதிலில் ஏறி நின்று பார்த்தனர். ஒருத்தி மட்டும் இறங்கி, சைக்கிளுடன் கூடவே ஓடி வந்தாள். "ரீச்சர், இது பெரிய ஆக்களுக்கு மட்டுமோ?" என்று கேட்டாள். பிள்ளை இறங்கி, அவளை ஆசனத்தில் ஏற்றிப் பார்த்தாள். கால் எட்டவில்லை. "அடுத்த வருஷம்" என்றாள். சிறுமி அதை முற்றாக நம்பினாள் என்று அவள் முகம் காட்டியது.

மாலையில் குறிகட்டுவானிலிருந்து தனியே திரும்பினோம். சோழகம் இப்போது முதுகிலே கைவைத்தது. புங்குடுதீவுப் பாலத்தில் சிலவிடங்களில் உழக்கவும் வேண்டியிருக்கவில்லை. வேலணைத் தேநீர்க் கடை வாங்கில் முதியவர் இல்லை. இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்போம்.

பண்ணையை அடைந்தபோது விளக்கேற்றும் நேரம். தமக்கையார் படலையிலேயே நின்றார்.

"அவளிட்டைச் சொன்னனியா?"

பின்டயர் தேய்ந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை வந்ததும் மாற்றவேண்டுமென்று சொல்லி வந்ததாகக் கூறினோம்.

தமக்கையார் சிறிது நேரம் பேசவில்லை. உள்ளே போனார். மறுபடி வெளியே வந்து, "அந்த டயர் எத்தினை அங்குலம்?" என்று கேட்டார்.