சாயம் போன சிலையும் கோஸ் தீவு ஜாடியும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. குழித்தறியில் பாதி நெய்த சேலை நிற்கிறது. தறிக்காரருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கோர்வை போட இன்னும் கை ஓடுகிறது. பேத்தி கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் அவள் கைப்பேசியில் ஒரு கிரேக்கச் சிலையைக் காட்டினாள். ஏதென்ஸ் அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் இளம்பெண் சிலை, கி.மு. 530 வாக்கில் செதுக்கியது. 'பெப்லோஸ் கோரே' என்று பெயர்.

தாத்தா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். "சாயம் போயிடுச்சே, கண்ணு" என்றார்.

பேத்தி சிரித்துவிட்டாள். ஆனால் ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் ஒப்புக்கொள்ளத் தயங்கிய விஷயத்தை அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். கிரேக்கச் சிலை என்றால் வெள்ளைப் பளிங்கு என்ற எண்ணம் நம் பாடப்புத்தகம் வரை வந்து உட்கார்ந்திருக்கிறது. உண்மையில் அவற்றுக்கு வண்ணம் தீட்டியிருந்தார்கள். இந்தப் பெண்ணின் ஆடையிலும் வண்ணப் பூச்சின் சுவடுகள் உண்டு. ஜெர்மானிய ஆய்வாளர் வின்சென்ஸ் பிரிங்க்மன் இத்தகைய சுவடுகளைக் கொண்டு சிலைகளின் பிரதிகளுக்கு மறுபடி வண்ணம் பூசிக் காட்டினார். பார்த்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். காஞ்சிக்காரர்களுக்கு இதில் அதிர்ச்சி கிடையாது. கைலாசநாதர் கோயில் திருச்சுற்றின் சின்னச் சின்னச் சிற்றாலயங்களுக்குள் எட்டிப் பார்த்தால், பல்லவர் காலத்துச் சுதையும் வண்ணமும் இன்னும் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அந்தச் சாயங்காலம்தான் தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஆசை பிடித்தது: கிரேக்கக் கலையை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும்.

பார்க்க வேண்டியவற்றைப் பேத்தி பட்டியல் போட்டாள். நாலு பக்கம் வந்தது. தாத்தா ஒன்று கேட்டார்: "இதுல துணி எதுல இருக்கு?" பட்டியல் சுருங்கிவிட்டது. அருங்காட்சியகம் போகத் திட்டமிடுகிறவர்கள் எல்லோருமே இந்த மாதிரி ஒரு கேள்வியோடு தொடங்கலாம். எல்லாவற்றையும் பார்த்துவிடுவது என்று கிளம்புகிறவர் இரண்டாவது கூடத்திலேயே உட்கார நாற்காலி தேடுவார். கோயிலுக்குப் போகிறவர் எல்லாத் தூணையுமா எண்ணிக்கொண்டிருக்கிறார்? மூலவரைப் பார்க்கத்தான் போகிறார். மற்றது போகிற வழியில் கண்ணில் படுகிறது.

துணி என்று தேடியபோது முதலில் கிடைத்தது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓர் எண்ணெய்க் குடுவை. உயரம் 17 சென்டிமீட்டர்தான். அமாசிஸ் ஓவியர் என்று அறியப்படுபவர் கி.மு. 550-530 வாக்கில் தீட்டியது. அதன் வயிற்றைச் சுற்றி ஒரு நெசவுக்கூடமே நடக்கிறது: பெண்கள் கம்பளி எடை போடுகிறார்கள், நூல் நூற்கிறார்கள், நெய்து முடித்த துணியை மடிக்கிறார்கள். நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு தறி. பாவு நூல்கள் மேலிருந்து தொங்குகின்றன. அவை விறைப்பாக நிற்கக் கீழே எடைகளைக் கட்டியிருக்கிறார்கள். கிரேக்க ஊர்களைத் தோண்டிய இடங்களில் அப்படிப்பட்ட களிமண் எடைகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஊடையை மேல்நோக்கி அடிக்க வேண்டும். துணி மேலே இருந்து வளரும்.

தாத்தாவுக்கு இது வினோதமாகப் பட்டது. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, நெய்த துணியை மடிக்கு முன்னால் உருளையில் சுருட்டிக்கொண்டே போகிறவர் அவர். ஆனால் படத்தில் ஒரு தறிக்கு இரண்டு பெண்கள் நிற்பதைக் கண்டதும் தலையாட்டினார். காஞ்சியின் கோர்வைச் சேலைக்கும் இரண்டு ஆள் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கு உதவியாள் இல்லாமல் வேலை நகராது. அந்த உதவிக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை என்பது வேறு கதை. அதைத் தொடங்கினால் தாத்தா நிறுத்தமாட்டார்.

இரண்டாவது லண்டனில் இருக்கிறது. ஏதென்ஸ்காரர்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதீனா தேவிக்குப் பெருவிழா எடுத்தார்கள். அதற்கென்றே ஒரு பெப்லோஸ் ஆடை நெய்து, ஊர்வலமாகக் கொண்டுபோய்த் தேவிக்குக் கொடுத்தார்கள். தேவர்கள் அரக்கர்களோடு போரிடும் காட்சி அதில் நெய்யப்பட்டிருந்தது. பார்த்தெனான் கோயிலைச் சுற்றி சுமார் 160 மீட்டர் ஓடிய சிற்பப் பட்டையில், கிழக்குப் பக்கத்து நடுவில், ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையுமாகத் துணி மடிக்கும் காட்சி உண்டு. அது அந்த ஆடைதான் என்பது பெரும்பாலோர் கருத்து. எல்ஜின் பிரபு பெயர்த்துக்கொண்டு போனவற்றோடு அந்தக் கல்லும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் சேர்ந்தது. கிரேக்கம் இன்னும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நம் அமராவதிச் சிற்பங்களில் ஒரு பகுதியும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது.

"அம்மனுக்குப் பொடவ சாத்துறது. இதுல என்ன அதிசயம்?" என்றார் தாத்தா. காமாட்சி குடியிருக்கும் ஊர்க்காரர் வேறெப்படிச் சொல்வார்?

நியூயார்க், லண்டன், ஏதென்ஸ் என்று பட்டியல் மூன்று ஊர்களில் சிதறிக் கிடந்தது. ஒரு கோர்வைச் சேலையின் கூலியில் அங்கெல்லாம் போக முடியாது. மும்பையில் முன்பு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்றிருந்த அருங்காட்சியகத்தில் 2023 டிசம்பரில் தொடங்கிய கண்காட்சிக்குக் கிரேக்க, ரோமானியச் சிற்பங்கள் வந்திருந்தன. அதையும் இவர்கள் தவறவிட்டார்கள். சரி, பக்கத்தில் என்ன இருக்கிறது?

பக்கத்தில் புதுச்சேரி இருக்கிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியின் அரெட்சோ பாணிச் சிவப்புத் தட்டுகளும் ஆம்போரா என்னும் இருபிடி ஜாடிகளின் துண்டுகளும் வந்தன. செங்கல் தொட்டிகளும் வந்தன. மெல்லிய துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் அவை என்று வீலர் நினைத்தார். பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. சாயத்தொட்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே தாத்தாவின் கட்சி வீலர் கட்சியாகிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' பயண நூல் இந்தக் கரையில் 'பொதுகே' என்றொரு துறைமுகத்தைச் சொல்கிறது. அது இதுதான் என்பார்கள்.

ஆம்போராத் துண்டுகளை ஆராய்ந்த அமெரிக்கர் எலிசபெத் லைடிங் வில், அவற்றில் கணிசமானவை கோஸ் என்ற கிரேக்கத் தீவின் மது ஜாடிகள் என்று இனங்கண்டார். இரட்டைக் குழல்போல் ஒட்டிய கைப்பிடி அவற்றின் அடையாளம். அந்தத் தீவின் மதுவில் கடல்நீர் கலப்பார்களாம். கோஸுக்கு இன்னொரு புகழும் உண்டு. பம்பிலே என்பவள் அங்கே பட்டுக்கூட்டைப் பிரித்து நூலெடுத்து முதன்முதலில் நெய்தாள் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். கோஸ் பட்டு அவ்வளவு மெல்லியது. உடம்பு தெரிகிறது என்று ரோமானியர்கள் அதைக் கேலி செய்தார்கள். நம் கரைக்கு வந்த ஜாடிகளில் மதுதான் இருந்தது. இருந்தாலும் பட்டு நெய்த ஒரு தீவின் மண், பட்டு நெய்யும் ஓர் ஊரிலிருந்து ஒருநாள் பேருந்துப் பயணத்தில் கிடக்கிறது.

அந்தக் காலத்துக் காஞ்சிக்கும் யவனர்கள், அதாவது கிரேக்க-ரோமானியர்கள், அந்நியமில்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் யவனரின் அன்ன விளக்கு ஓர் உவமைக்கு உதவுகிறது. உவமையில் வர வேண்டுமென்றால் கேட்பவர்களுக்கு அந்தப் பொருள் தெரிந்திருக்க வேண்டுமே.

ஆக, மூலவர் யார் என்று முடிவாகிவிட்டது: கோஸ் ஜாடியின் ஒரு கைப்பிடி. வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் போவது. அரிக்கமேட்டுப் பொருட்களை வைத்திருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்தைக் காலையிலேயே பார்த்துவிடுவது. வெயில் தாழ அரிக்கமேட்டுக்குப் போய், பெரிதாக ஒன்றும் தென்படாத அந்த மாந்தோப்பில் சற்று நிற்பது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு. பாட்டி புளியோதரை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நாள் குறிப்பதில்தான் சிக்கல். தாத்தா தறியை நிறுத்துவது அமாவாசையன்று மட்டும். அவர் அப்பா காலத்துப் பழக்கம் அது. பேத்தி நாள்காட்டியைப் புரட்டினாள். வரப்போகும் அமாவாசை திங்கட்கிழமை. புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. அதற்குப் பதில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாமா என்று பேச்சு வந்தது. அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை; ரோமானிய நாணயங்களும் உண்டு. போதாக்குறைக்கு அது நிற்கும் பாந்தியன் சாலையின் பெயரே 'எல்லாத் தெய்வங்களுக்கும்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

"காசு பாக்கவா அவ்வளவு தூரம் போவோம்?" என்று தாத்தா மறுத்துவிட்டார். பயணம் அடுத்த அமாவாசைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அது புதன்கிழமை.