அந்த ரெண்டு வருஷத்தை யாரு தாங்குறது?

சென்னையில இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். "அண்ணே, பாக்கெட்டுல ஆர்கானிக் முத்திரை போட்டிருக்கு, நம்பி வாங்கலாமா?"ன்னு கேட்டார். போன்ல சொல்லி முடியற பதில் இல்ல. அதனால இங்க எழுதறேன்.

நம்ம நாட்டுல முத்திரைக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு என்.பி.ஓ.பி., அபெடா நடத்துறது, 2001-ல வந்தது. ஆய்வாளர் வந்து வயலையும் கணக்கு நோட்டையும் பார்த்துட்டுப் போவார். தமிழ்நாட்டுல இதுக்குன்னே அரசாங்கத் துறை கோயம்புத்தூர்ல இருக்கு. இன்னொண்ணு பி.ஜி.எஸ். அஞ்சு விவசாயி குழுவா சேர்ந்து, ஒருத்தர் வயலை மத்தவங்க போய்ப் பார்த்து உறுதி சொல்லணும்.

எந்த வழியில போனாலும் உரம், மருந்தை நிறுத்தின உடனே முத்திரை கிடைக்காது. நெல்லு மாதிரி பயிருக்கு குறைஞ்சது ரெண்டு வருஷம் மாறுகாலம். அங்கதான் சின்ன விவசாயி கவுந்து போறான். மண்ணு பழகறதுக்குள்ள மகசூல் இறங்கும். களையெடுக்க கூலி ஏறும். நெல்லு மட்டும் பழைய விலைக்குத்தான் போகும். கொள்முதல் நிலையத்துல சன்ன ரகமா, பொது ரகமான்னுதான் பார்ப்பாங்க, எப்படி விளைஞ்சதுன்னு கேக்க மாட்டாங்க.

எங்க ஊருக்கு ஒரு கம்பெனி ஆளுங்க படிவத்தோட வந்தாங்க. சுற்றுச்சூழலைக் கெடுக்காம விளைவிக்கிறவங்களுக்கு மார்க் போட்டு, நல்ல மார்க் வாங்கினவங்ககிட்ட மட்டும் வாங்கப் போறாங்களாம். என்ன விதை, என்ன உரம், தண்ணி எங்கேர்ந்து வருது, பக்கத்து வயல்ல என்ன தெளிக்கிறாங்கன்னு கேட்டாங்க. எல்லாம் நியாயமான கேள்விதான். நான் ஒண்ணே ஒண்ணு திருப்பிக் கேட்டேன்: "மாறுகாலத்து நெல்லுக்கு என்ன விலை தருவீங்க?" "அதெல்லாம் சான்று வந்த பிறகு பேசிக்கலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

சிதம்பரம் பக்கம் நாங்க கடைமடை. கொள்ளிடத்துல கீழணையில பிரிஞ்சு, வடவாறு வழியா வீராணம் ஏரிக்கு வந்து, மதகு, வாய்க்கால்னு இறங்கி, கடைசியில வயலுக்கு வயல் தண்ணி பாயும். சென்னையில உங்க குழாய்க்கும் இந்த வீராணத்துத் தண்ணிதான் வருது. மேலவயல்காரர் களைக்கொல்லி அடிச்சா, வடிஞ்சு என் வயலுக்குத்தான் வரும். விதி இடைவெளி விடச் சொல்லுது. என்கிட்ட இருக்கறது ஒன்றரை ஏக்கர். மடையோரம் அஞ்சு சென்ட்டைத் தனியா அறுத்து சாதாரண நெல்லோட போட்டுடறேன். ஆனா நெசமான வழி ஒண்ணுதான்: ஒரே வாய்க்கால்ல பாயற எல்லாரும் சேர்ந்து மாறணும். ஒவ்வொரு ஆளா மார்க் போட்டா அது நடக்காது.

கரும்பு போட்டவங்களுக்கு இது புரியும். எங்க மாவட்டத்துல நெல்லிக்குப்பத்துலயும் சேத்தியாத்தோப்புலயும் ஆலை இருக்கு. கரும்பை ஆலையில பதிவு பண்ணித்தான் போடுவாங்க. கரும்பு ஆபீசர் வயலுக்கு வருவார். இடைக்கணுப் புழுவுக்கு மருந்து அடிக்காம முட்டை ஒட்டுண்ணி அட்டையைக் கட்டச் சொல்றதும் கரும்புல பழகின முறைதான். கரும்பு வேணும்னா பயிர் நிக்கறப்பவே விவசாயிகூட நிக்கணும்னு ஆலைக்குத் தெரியும். இயற்கை அரிசி வேணும்னு சொல்றவங்க மூட்டை கட்டின பிறகுதான் வர்றாங்க.

இன்னொரு விஷயம். குழுச் சான்று கம்பெனி பேர்ல இருந்தா, விவசாயி அதே நெல்லை வேற கடைக்கு இயற்கைன்னு சொல்லி விக்க முடியாது. உழைப்பு இவனது, காகிதம் அவங்களது. 2025 ஜனவரியில வந்த என்.பி.ஓ.பி. எட்டாவது பதிப்பு, விவசாயிக் குழு சட்டப்படி பதிவான அமைப்பா இருக்கணும்னு சொல்லுது. ஐரோப்பாவோட புது விதியும் அதையேதான் கேக்குது. நல்ல மாற்றம். காகிதத்தோட நிக்காம இருக்கணும்.

அதனால முத்திரையைப் பாருங்க, வேண்டாம்னு சொல்லல. கூடவே கடைக்காரர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. இந்த நெல்லு எந்த ஊர்ல விளைஞ்சது? சான்று யார் பேர்ல இருக்கு? மாறுகாலத்துல இருக்கற விவசாயிகிட்ட வாங்கறீங்களா? பி.ஜி.எஸ்.ல மாறுகாலத்துக்குன்னே 'கிரீன்'னு தனி முத்திரை இருக்கு. முழு இயற்கை அரிசியைவிட கொஞ்சம் குறைச்ச விலை, சாதா அரிசியைவிட கொஞ்சம் கூடன்னு வெச்சு அதை வாங்கினா, அந்த ரெண்டு வருஷத்துல நீங்களும் ஒரு தோள் குடுத்த மாதிரி.

நாங்க இந்தச் சம்பாவுக்கு நாலு பேர் சேர்ந்திருக்கோம். அஞ்சாவதா சேர வேண்டியவர் அந்த மேலவயல்காரர்தான். அவருக்கும் ஆசை இருக்கு. "வாங்கறதுக்கு ஆள் இருக்காங்கன்னு சொல்லுப்பா, நாளைக்கே டப்பாவைத் தூக்கிப் போட்டுடறேன்"ங்கறார்.