நல்ல தண்ணீர்

நெடுந்தீவிலே என் மனைவியின் வீட்டில் நான் கழித்த முதல் விடுமுறை ஒரு குற்றத்தோடு தொடங்கியது. குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி ஏறக்குறைய ஒரு மணி நேரம் அலைப்பட்டுச் சென்ற களைப்புத் தீர, மறுநாள் விடியற்காலையில், அடுக்களைப் புறத்தே மூடி வைத்திருந்த இரண்டு குடம் நீரையும் தலையில் ஊற்றி முழுகிவிட்டேன். அது குளிக்கும் நீரன்று. குடும்பம் முழுவதும் அன்று குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வைத்திருந்த நல்ல தண்ணீர்.

எவரும் கடிந்துரைக்கவில்லை. "தம்பிக்குத் தெரியாதுதானே, அதுக்கென்ன" என்றார் மாமி. அந்தப் பொறுமையே என்னை வருத்தியது. சற்று நேரத்தில் மாமா துவிச்சக்கரவண்டியில் வெற்றுக் கலன்களைக் கட்டிக்கொண்டு, முருகைக்கல் அடுக்கிய வேலிகளுக்கிடையே மறைவதைக் கண்டேன்.

நான் மலையகத்திற் பிறந்தவன். எங்கள் லயத்தருகே பீலியில் இரவும் பகலும் நீர் வீழ்ந்துகொண்டிருக்கும். அதனை மிச்சப்படுத்த வேண்டுமென்று எவரும் எனக்குக் கற்பித்ததில்லை. தீவின் நிலைமையோ வேறு. அந்தச் சுண்ணக்கல் நிலத்தில் ஆறில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரிமழை கல்லின் துவாரங்களூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மீது மெல்லிய படையாக மிதந்து நிற்கும். அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். வீட்டுக் கிணற்றில் இருந்தது சவர்நீர். நான் முழுகியிருக்க வேண்டியது அதிலேதான்.

யாழ்ப்பாணத்து வழக்கப்படி வீடு பெரும்பாலும் பெண்ணுக்கே சீதனமாகக் கொடுக்கப்படுகிறது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமை இச்சீதன முறையை விரிவாகப் பேசுகிறது. ஆகவே மணமகனே மனைவியின் வீட்டிற் குடிபுகுவது இங்கு இயல்பு. ஜப்பானிலே ஆண்மகவில்லாத வீட்டினர் மருமகனைத் தத்தெடுத்துத் தம் குடும்பப் பெயரையே அவனுக்குச் சூட்டும் மரபுண்டு. நம்மிடையே பெயர் மாறுவதில்லை. ஆயினும், புகுந்த வீட்டில் மருமகன் நெடுங்காலம் விருந்தினனாகவே இருந்துவிடக் கூடும். எனக்கு நேர்ந்ததும் அதுவே. முதலில் எனக்கு மட்டும் உணவு படைக்கப்படும். பொரித்த மீனின் நடுத்துண்டு எனக்கே வரும். மாமா திண்ணையில் இருப்பார். பெண்கள் பின்னர் உண்பர். அவர்கள் பங்கிலே எது குறைந்தது என்பதை நான் அறியேன்.

அடுத்த நாள் நானும் மாமாவுடன் நன்னீர்க் கிணற்றடிக்குப் புறப்பட்டேன். "நீங்கள் ஏன் தம்பி" என்று அவர் இருமுறை தடுத்தார். மூன்றாம் முறை தடுக்கவில்லை. முறை வரும்வரை காத்திருந்து, கயிற்றால் அள்ளிக் கலன்களை நிரப்பி, கற்பாதையில் வண்டியை உருட்டி வந்தபொழுதுதான் ஒரு குடத்தின் பாரம் எனக்கு விளங்கிற்று.

அன்று மாலை ஒடியற்கூழ். பனங்கிழங்கைக் காயவிட்டு இடித்த மாவை நீரிலே ஊறவைத்து, அந்நீரை வடித்துக் கசப்பகற்றிய பின்னரே கூழில் சேர்ப்பர். நண்டும் இறாலும் மீனும், பயிற்றங்காயும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் ஒரே பானையில் வெந்தன. முற்றத்திலே வட்டமாக அமர்ந்து, பனையோலைப் பிளாக்களில் அனைவரும் ஒன்றாகவே குடித்தோம். கூழுக்கு முதற்பந்தியுமில்லை, கடைப்பந்தியுமில்லை. உறைப்பினால் என் கண்கள் கலங்கியதைக் கண்டு, மாமி முதன்முறையாக என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

விடுமுறை முடியுந் தறுவாயில், ஒருநாட் காலை அடுக்களையிலிருந்து அவர் குரல் கேட்டது: "தம்பி, தண்ணி முடிஞ்சுது. ஒருக்காப் போய் எடுத்துக்கொண்டு வாங்கோ." என் மனைவி திடுக்கிட்டு, தானே போவதாக எழுந்தாள். நான் அவளை இருத்திவிட்டுக் கலன்களை எடுத்து வண்டியிற் கட்டினேன். விருந்தினனிடம் எவரும் வேலை சொல்வதில்லை.